துள்ளாத சுவிட்சும் பதினோராம் நோன்பும்

பழவேற்காடு
23.5.86, வெள்ளி
ரமலான் பிறை 13

அன்புத் தம்பி மீரானுக்கு அக்கா நூருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மச்சானும் சுகம். துபாய் வெயிலில் நீ சுகமாக நோன்பு பிடித்து வருகிறாயா என்று அறிய ஆவல். இங்கே இதுவரை பதின்மூன்று நோன்பும் தவறாமல் போகின்றன. அதில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ வேலைக்கு நடுவில் படிக்காமல், உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய ரைஸ் குக்கர், லீவில் வந்த சம்சுதீன் கையில் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. அதன் பிளக்கில் மூன்று கால்களும் தட்டையாக இருந்ததால், நம் சுவரில் ஏறவில்லை. லைன் வேலை பார்க்கும் சுப்பராயலு வந்து அதை வெட்டி வேறு பிளக் வைத்துக் கொடுத்தார். நோன்பு தொடங்குவதற்கு முன் ஆறு நாள் வெறும் சோறு மட்டும் வைத்துப் பார்த்தேன். அரிசி, தண்ணீர், நேரம் மூன்றையும் நோட்டில் குறித்தேன். ஆறு நாளும் முப்பத்தெட்டு நிமிடத்துக்கும் நாற்பத்து மூன்று நிமிடத்துக்கும் நடுவில் சுவிட்ச் தானாக மேலே துள்ளியது. சோற்றில் குறையில்லை. உன் மச்சான் மட்டும் முதல் நாள் "கஞ்சி எங்க?" என்று கேட்டார்கள். இதில் வடிக்க வேண்டியதில்லை, கஞ்சி சோற்றுக்குள்ளேயே போய்விடுகிறது என்று சொன்னேன். "அப்ப சட்டைக்கு இன்னா போடறது?" என்று கேட்டுவிட்டு, மொடமொடப்பில்லாத சட்டையோடு ஜும்ஆவுக்குப் போனார்கள். இதை நான் குறையாக எழுதவில்லை. நடந்ததால் எழுதுகிறேன்.

பதினோராம் நோன்பு உனக்கு நினைவிருக்கும். வாப்பா மௌத்தாவதற்கு முன் உன்னையும் என்னையும் கூப்பிட்டு, ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு நாள் நம் தெருப் பெண்கள் எல்லாரும் நம் வீட்டுக் கஞ்சியில்தான் நோன்பு திறக்க வேண்டும் என்று சொன்னார்கள். நீ கடல் கடந்துவிட்டாய், ஆகவே அது என் மேல் நிற்கிறது. மஸூதா மாமிக்கு அந்த நாளின் மேல் நெடுநாளாகக் கண் உண்டு. அவர்கள் தம் மாமியார் பேரில் கஞ்சி ஊற்ற ஒரு நாள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். முப்பது நோன்பில் வேறு நாளே இல்லையா என்று கேட்டால், வளர்பிறையில் வேண்டும், இருப்பதில் அதுதான் பொருந்தும் என்கிறார்கள். ஒரு வருஷம் கஞ்சி தவறினால் நாளும் கைவிட்டுப் போய்விடும், அதைக் கேட்க ஆள் வாசலிலேயே இருக்கிறது. இந்த நிலைமையில்தான், அக்கா நோன்போடு விறகடுப்பின் முன் வேக வேண்டாம், கஞ்சியையும் குக்கரிலேயே வை என்று நீ எழுதினாய். உன் மனசு எனக்குத் தெரியும். அதே கடிதத்தில், சுவிட்ச் தானாகத் துள்ளும் வரை எக்காரணம் கொண்டும் மூடியைத் திறக்காதே என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாய். அந்த இரண்டு கோட்டை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

முப்பத்து நான்கு பேர் வருவார்கள். குக்கரில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு கிண்ணம் என்று கணக்கிட்டேன். மூன்று தடவை வைத்தால் முப்பத்தாறு கிண்ணம். தடவைக்கு நாற்பது நிமிடம். லுஹர் தொழுதுவிட்டு இரண்டு மணிக்குத் தொடங்கினால் நான்கு மணிக்கு முடிந்துவிடும், அதன் பிறகு அசர் தொழுதுவிட்டு யாசீன் சூரா ஓதலாம் என்று நோட்டில் எழுதி வைத்தேன். விறகு இனி தேவையில்லை என்பதால், ஒன்பதாம் நோன்பன்று வீட்டிலிருந்த சவுக்குக் கட்டை முழுவதையும் மஸூதா மாமி வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன். ஸ்டவ் திரியில்லாமல் பரணில் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டேன். பதினோராம் நோன்பன்று பக்கத்து வீட்டுத் தெய்வநாயகி காலையிலேயே ஏரி இறால் கொண்டுவந்து உரித்துக் கொடுத்தாள். நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இறால் எல்லாம் வாப்பா சொன்ன அளவில் போட்டு, தண்ணீர் விட்டு, பிஸ்மி சொல்லி, சரியாக இரண்டு மணிக்குச் சுவிட்சைக் கீழே தட்டினேன்.

இரண்டு நாற்பதுக்கு அது துள்ளவில்லை. மூன்று மணிக்கும் துள்ளவில்லை. இந்த மாதம் பகலில் வோல்டேஜ் குறைவு, கரண்ட் இருக்கிறதா என்பதைப் பல்பின் கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும், அதனால் தாமதம் என்று நினைத்தேன். மூன்றரைக்கு மூடியிலிருக்கும் சின்ன ஓட்டை வழியாக நுரை வந்தது. துடைத்தேன். மறுபடி வந்தது. நுரைக்குப் பின்னால் கஞ்சி வந்தது, கஞ்சிக்குப் பின்னால் ஒரு பூண்டுப் பல் வந்து ஓட்டையில் நின்றுகொண்டது. அதைக் கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளினேன். மூடியைத் திறக்கவில்லை. நான்கு மணிக்குள் யாசீனை ஒரு தரம் ஓதி முடித்தேன், குக்கர் முடிக்கவில்லை. அசர் தொழுதேன். இரண்டாம் தரம் ஓதினேன். எனக்குப் பதற்றமில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் நீ துள்ளும் என்று எழுதியிருக்கிறாய், ஆறு நாளும் துள்ளியிருக்கிறது, ஆகவே துள்ளும்.

ஐந்து மணிக்குத் தெய்வநாயகி உப்புப் பார்க்க வந்தாள். நோன்போடு நாக்கில் ஒரு சொட்டுப் பட்டாலும் எனக்கு மனசு ஒப்பாது, அதனால் ஒவ்வொரு வருஷமும் நம் கஞ்சிக்கு அவள்தான் உப்புப் பார்க்கிறாள் என்பது உனக்குத் தெரியும். "தொறக்கா" என்றாள். திறக்கக் கூடாது, துள்ளவில்லை என்றேன்.

"உப்பு பாக்க வான்னு கூப்ட்டுட்டு மூடியத் தொறக்கமாட்டேன்னா எப்டிக்கா? நான் இன்னா ஆவிய நக்கவா?"

"மீரான் எழுதிருக்கான் தெய்வா. ரெண்டு கோடு போட்டு எழுதிருக்கான்."

"அவன் துபாய்ல குந்திகினு கோடு போடுவான். இங்க ஊரே வரப்போவுது."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள். ஐந்தரைக்கு மஸூதா மாமி வந்தார்கள். மற்றவர்கள் ஆறு மணிக்குமேல்தான் வருவார்கள். மாமி முந்தி வந்து, தூக்குப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுப்படி தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"இன்னா நூரு, பொகையே காணோம்?"

"கரண்ட்ல வேவுது மாமி."

"ஒரு பொட்டியா? முப்பது பேருக்கா?"

"மூணு தடவ வெக்கணும் மாமி."

"இது எத்தினியாவது தடவ?"

நோன்போடு பொய் சொல்ல முடியாது. "மொதல் தடவதான்" என்றேன். மாமி மெதுவாகத் தலையை ஆட்டினார்கள். பிறகு, கேட்கிறவர்களுக்கு அன்பாகத் தெரியும் குரலில், "முடியலன்னா சொல்லிடும்மா, இதுல வெக்கம் இன்னா இருக்குது? அடுத்த வருசத்துலேந்து பதினொண்ண நாங்க எடுத்துக்கறோம். நீ அனுப்ன கட்ட கூட நல்லா காஞ்ச கட்டதான்" என்றார்கள். மூன்றாம் தரம் யாசீன் ஓதத் தொடங்கினேன், பாதியில் எந்த இடம் என்பது தவறிவிட்டது. எனக்கு இருபது வருஷத்தில் அப்படி ஆனதில்லை.

ஆறு மணிக்குமேல் மற்ற முப்பத்து மூன்று பேரும் வந்து, முற்றத்திலும் கூடத்திலும் கிண்ணத்தோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லாரும் அடுப்படியைப் பார்த்தார்கள், நான் சுவிட்சைப் பார்த்தேன். அது கீழேயே இருந்தது. ஆறு இருபதுக்குத் தெய்வநாயகி திரும்ப வந்தவள், வாசற்படியிலேயே இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"ஏங்க்கா, நீங்கள்லாம் நோன்பு, சரி. அந்தப் பொட்டியையும் நோன்பு புடிக்க வெச்சிட்டியா? சோறுன்னா தண்ணி வத்தும், வத்துனா சூடு ஏறும், அது துள்ளும். கஞ்சில எங்கக்கா தண்ணி வத்தும்? நம்ம ஏரி வத்துனாலும் இது வத்தாது!"

சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, கரண்டிக் காம்பால் சுவிட்சை மேலே தட்டிவிட்டு, மூடியைத் திறந்துவிட்டாள். உன் பள்ளிக்கூடப் புத்தகங்களை வைத்து நானாகவே எழுத்துக் கற்றவள் நான். குக்கரோடு வந்த தாளில் இங்கிலீஷ் எழுத்தைக்கூடக் கூட்டிக் கூட்டிப் படித்திருக்கிறேன். தெய்வநாயகிக்குக் கைநாட்டுத்தான். நான் நாலு மணி நேரம் யோசித்தும் தெரியாதது அவளுக்கு வாசற்படியில் தெரிந்தது. இதை எழுதாமல் விட்டால் சரியாக இருக்காது.

கஞ்சி நன்றாகவே வெந்திருந்தது. நாலு மணி நேரம் வெந்தால் எதுவும் வேகும். ஆனால் பாதி வெளியே வழிந்து போய், மிச்சம் களி போல இறுகி, எட்டுக் கிண்ணத்துக்குத்தான் காணும். நோன்பு திறக்கும் பாங்குக்குப் பத்து நிமிடம் இருந்தது. விறகு மாமி வீட்டில் இருந்தது. மாமி எழுந்து அடுப்படி வாசலுக்கே வந்து குக்கருக்குள் எட்டிப் பார்த்தார்கள். நான் வாப்பாவை நினைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தெய்வநாயகி போன வேகம் தெரியவில்லை, ஒரு பெரிய பானையோடு திரும்பினாள். மறுநாள் விடியற்காலை அவள் வீட்டுக்காரர் ஆதிகேசவனும் கூட்டாளிகளும் வலைக்குப் போகும்போது கொண்டுபோவதற்காகக் காய்ச்சி வைத்த கேழ்வரகுக் கூழ். "ஊத்துக்கா" என்றாள். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்பது என் கடமை, கேட்டேன்.

"கேவுறு, நொய்யி, தண்ணி, உப்பு. பின்ன இன்னா, சாராயமா ஊத்தி வெச்சிருக்கேன்? ஊத்துக்கா, நாழியாவுது!"

வாப்பா காலத்துத் தேக்சா அண்டாவை எடுத்து, கஞ்சியையும் கூழையும் ஒன்றாகக் கொட்டி, தண்ணீர் கொஞ்சம் விட்டு, இருந்த தேங்காய்ப் பாலையும் ஊற்றிக் கிளறினேன். நிறம் ஏரிச் சேறு போல வந்தது. தெய்வநாயகி ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, இன்னும் ஒரு கல் உப்புப் போடச் சொன்னாள். கடைசிக் கிண்ணம் ஊற்றும்போது பாங்கு சொன்னார்கள். எல்லாரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, துஆ ஓதி, கிண்ணத்தைத் தூக்கினார்கள். முப்பத்து மூன்று பேரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி ஒரு வாய் குடித்தார்கள். கிண்ணத்துக்குள் பார்த்தார்கள். இன்னொரு வாய் குடித்தார்கள்.

"அண்ணன் இருக்கச்சொல்ல கஞ்சி இப்டி இருக்காதே."

"இருக்காது மாமி."

"இந்தப் புளிப்பு எதுல வந்துச்சு?"

"கேவுறுல."

கிண்ணத்தை நீட்டினார்கள். ஊற்றினேன். மறுபடி நீட்டினார்கள். அப்புறம் தூக்கையும் நீட்டினார்கள். போகும்போது வாசலில் நின்று, "சரி, பதினொண்ணு உன்கிட்டயே இருக்கட்டும்" என்று, தம் பையிலிருந்து எடுத்துத் தருவது போலச் சொல்லிவிட்டுப் போனார்கள். அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் ஆதிகேசவன் கூழில்லாமல் ஏரிக்குப் போனார். பதிலுக்கு நான் கடை இட்லி வாங்கிக் கொடுத்தனுப்பினேன், அது போகிற வழியிலேயே தீர்ந்துவிட்டதாம்.

ஆகவே தம்பி, நான் யோசித்து எடுத்த முடிவு இது. வாப்பாவின் நாள் தப்பிப் பிழைத்தது, ஆனால் அது குக்கரால் அல்ல. சோற்றுக்கு அது நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் எப்போது முடிந்தது என்று கஞ்சிக்கு ஒரு பேச்சும் சோற்றுக்கு ஒரு பேச்சும் பேசுகிற பொருளை நம்பி என்னால் நோன்பு வைக்க முடியாது. வடிகஞ்சி இல்லாமல் உன் மச்சான் சட்டையும் தொங்குகிறது. சம்சுதீன் அடுத்த மாதம் திரும்பும்போது குக்கரைத் துடைத்துப் பெட்டியில் போட்டு அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன், உனக்கு உதவும். இதில் உன் மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை என்பதை அறியவும். ஆனால் இனி எதற்கும் இரண்டு கோடு போடாதே, ஒன்று போதும்.

உன் மச்சான் ஸலாம் சொல்லச் சொன்னார்கள். தெய்வநாயகியும் விசாரித்தாள். அவள் சொன்ன வார்த்தை அப்படியே எழுதத் தக்கதல்ல. ஸஹருக்கு எழுந்திரு, ஐந்து வேளையும் விடாதே. உன் ஆயுளையும் சம்பாத்தியத்தையும் அல்லாஹ் பரக்கத்தாக்கி, நல்லபடியாக ஊர் வந்து சேர்க்க துஆச் செய்யும்

அக்கா,
நூருன்னிசா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது மஸூதா மாமி வந்தார்கள். குக்கர் துபாய்க்குத் திரும்புகிறது என்று கேள்விப்பட்டார்களாம். அவ்வளவு தூரம் எதற்கு, எங்கள் வீட்டிலேயே இறக்கிவிடு, வரும் வருஷம் பன்னிரண்டாம் நோன்புக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்றார்கள். சாமான் எப்போதோ பேக் ஆகிவிட்டது மாமி என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் தெரு திரும்பியதும் பெட்டியை அவிழ்த்தேன். மேலே நான் எழுதியது எல்லாம் உண்மை. ஆனால் நீ படிக்காததாக வைத்துக்கொள். குக்கர் வராது. வரும்போது இதே போல இன்னும் இரண்டு வாங்கி வா. ஒன்று பெரியதாக, பதினொன்றுக்கு. மற்றது தெய்வநாயகிக்கு. அவளுக்கு நீல நிறம் வேண்டுமாம், பூப் போட்டது வேண்டாமாம்.