தேவாங்கும் பெரிய மானிட்டரும்

ஒரு காட்டில், குகைக்குள் ஓர் அலுவலகம் இருந்தது. மரங்களில் கட்டிவைத்த கேமராக்கள் எடுத்த படங்களைப் பார்த்து, இது புலி, இது புலியின் நிழல், இது ஒன்றுமில்லை என்று பிரித்துவைப்பது அங்கே வேலை. அந்த வேலைக்கு ஒரு தேவாங்கைச் சேர்த்துக்கொண்டார்கள். நேர்காணலில் அதனிடம் எதுவும் கேட்கவில்லை. முகத்தில் பாதி கண்ணாக இருந்ததே போதுமானதாக இருந்தது.

முதலில் அதற்கு ஒரு மடிக்கணினிதான். வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு நிம்மதியாக வேலை பார்த்தது. மேலாளர் பல்லியார் அதன் உழைப்பைப் பாராட்டி, பக்கத்தில் ஒரு பெரிய மானிட்டரை வைக்கச் சொன்னார்.

அதைப் போட்டதும் குகைக்குள் உச்சிவெயில் அடித்தது. தேவாங்கு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டது. பிறகு, வெளிச்சம் குறைக்கும் விசையை அழுத்திப் பார்த்தது. மடிக்கணினி மங்கியது. மானிட்டர் அதைச் சட்டை செய்யவில்லை. பின்பக்கம் துழாவினால், அங்கிருந்த பொத்தான்களின் மேல் அரக்கு ஊற்றி வைத்திருந்தார்கள்.

கணினிப் பிரிவில் ஒரு மந்தி இருந்தது.

"வெளி மானிட்டருக்குன்னே தனி மென்பொருள் இருக்கு சார். இப்பவே போட்டுத் தர்றேன்."

திரையில் ஒரு ஸ்லைடர் வந்தது. தேவாங்கு அதை நூறிலிருந்து பத்துக்கு இழுத்தது. எண் பத்து என்று காட்டியது. வெயில் அப்படியே இருந்தது.

"குறையலையே."

"எண் குறைஞ்சுதா இல்லையா?"

"எண் குறைஞ்சுது. வெளிச்சம் குறையல."

"நம்ம வேலை எண் வரைக்கும்தான் சார். அதுக்கு மேல மானிட்டர் கேக்கணும். கேக்கலைன்னா, நான் என்ன அது காதைப் பிடிச்சுத் திருகவா?"

அடுத்த பதிப்பில் ஸ்லைடர் நீல நிறமானது. அதற்கும் அடுத்ததில் ஒரு நிலாப் படம் சேர்ந்தது. இழுத்தால் நிலா தேய்ந்தது. மந்திக்கு விருது கொடுத்தார்கள்.

தேவாங்கின் பயம் வேறு. இருட்டில் பூச்சி பிடித்துத் தின்னும் இனம் அது. கண் போனால் வயிறும் போயிற்று. வேலை முடிந்து மரத்துக்குத் திரும்பினால், கிளை எது, கிளை இல்லாத இடம் எது என்று புரியவில்லை. கை நீட்டிய இடத்தில் வெட்டுக்கிளி இல்லை. வெறும் வயிற்றோடு படுத்து, வெறும் வயிற்றோடு அலுவலகம் வந்தது.

ஒருநாள் ஓடையில் கண்ணைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது, தன் மானிட்டரின் மேல் பல்லியார் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டது. குகையின் பூச்சிகள் அத்தனையும் அந்த வெளிச்சத்தில் மொய்த்துக்கொண்டிருந்தன. பல்லியார் நாக்கை நீட்டி இழுத்தார். வாயோரத்தில் ஒரு விட்டிலின் இறக்கை துடித்தது.

"சார்... இதுக்காகவா?"

பல்லியார் விழுங்கி முடிக்கும்வரை பேசவில்லை. வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"அரக்கு ஊத்தச் சொன்னது நான்தான். நிர்வாகத்தோட கஷ்டத்தையும் நீங்க பாக்கணும். பிரைட்னஸ் பத்துக்குப் போனா எனக்கு ஒரு கொசுகூட வராது." பிறகு தேவாங்கின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தார். "திரையில வலது பாதி எனக்கு அதிகப்படிதான். நீங்க எடுத்துக்குங்களேன்."

தேவாங்கு திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தது. திறந்த வாய்க்குள் ஒரு பூச்சி தானாக வந்து விழுந்தது. கொழுத்த பூச்சி.

அதன்பின் அது மரத்துக்குப் போகவில்லை. போக வழியும் தெரியவில்லை. புலிக்கும் நிழலுக்கும் வேறுபாடு தெரியாமல் போனதால், எல்லாப் படங்களையும் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவைத்தது. யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்களில் சிலரைப் புலி தின்றிருந்தது. தேவாங்குக்குப் பதவி உயர்வு வந்தது.

எதிர் மேஜைக்கு ஓர் ஆந்தை வேலைக்கு வந்தது. மானிட்டரைப் போட்டதும் இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டது.

"அண்ணே, கண்ணு அவியுது. இதைக் குறைக்க வழியே இல்லையா?"

தேவாங்கு குரல் வந்த பக்கம் திரும்பியது.

"ஏன் இல்லாம? ஸ்லைடர் இருக்கு தம்பி. இழுத்துப் பாருங்க, நிலா தேயும்."

ஆந்தை நம்பிக்கையோடு இழுக்கத் தொடங்கியது. தேவாங்கு சுவர்ப்பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டது:

"பல்லி சார், இவர் மானிட்டர்ல எந்தப் பாதி நமக்கு?"

நீதி: வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று ஒருவர் முறையிட்டால், அவருக்கு இன்னும் பரிமாறவில்லை என்று அறிக.