நான் சாமி இல்லைங்க!

வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மனசாட்சி இருக்கக் கூடாது. எனக்கு இருந்து தொலைத்தது.

வெளியூரிலிருந்து வந்து சேலத்தில் குடியேறிய கத்தோலிக்கக் குடும்பம் நாங்கள். எங்கள் வீட்டில் 'சாமி' என்றால் பங்குக் குருவானவர்தான். நானும் சாமியாராகப் போகிறேன் என்று குருமடத்தில் சேர்ந்து, ஒரே வருடத்தில் (சாப்பாடு சரியில்லை) திரும்பி வந்தவன். பிறகு பி.காம். முடித்துப் பதினோரு மாதம் சும்மா கிடந்தேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, என் காதுபட மின்விசிறியிடம் பேச ஆரம்பித்தார். "நீயாச்சும் இந்த வீட்ல வேலை செய்யிறியே!"

அப்போதுதான், நான் வேலை கேட்டு எழுதியிருந்த, ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆபீசிலிருந்து முதலாளியே போன் செய்தார்.

"நாளைக்குக் காலைல ஆபீசுக்கு வந்துருங்க சாமி. வழி தெரியலீன்னா கூப்பிடுங்க சாமி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயோடேட்டாவில் குருமடத்தையும் எழுதியிருந்தேன். மனுஷர் என்னை முழுச் சாமியார் என்றே நினைத்துவிட்டார்! (கொங்குப் பக்கம் கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருமே சாமிதான் என்பது இந்த மேதைக்குத் தெரியாது.) பொய்யில் சேர்ந்தால் பாவம், உண்மையைச் சொன்னால் வேலை போச்சு. பஸ்ஸில் வழி முழுக்க வியர்த்துக்கொண்டே போனேன்.

"வாங்க சாமி, உக்காருங்க" என்றார் முதலாளி. நான் உட்காரவே இல்லை.

"ஐயா, நான் சாமி இல்லைங்க! பாதியிலயே ஓடி வந்துட்டேங்க. பூசை வைக்கவெல்லாம் தெரியாதுங்க. மன்னிச்சிருங்க!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பூசை எதுக்குங்க? ஸ்டோர்ல போல்ட்டு நட்டு எண்ணத் தெரியுமுங்களா?"

அதற்குள் போன் அடித்தது. எடுத்தார். "சாமி, வண்டி இப்ப எங்க நிக்குது சாமி? ஏஞ்சாமி, டயரு மறுபடியும் போச்சா?"

ஐயையோ! எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன். ஊர் ஊராகப் பூமியைத் துளைக்கிற ஆபீசில் அதுகூட நடக்கவில்லை.

விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். முதலாளி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "கேக்காமயே உண்மையக் கொட்டுறீங்களே! ஸ்டோருக்கு இப்படி ஒரு ஆளுதானுங்க வேணும்" என்றார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் வாசலுக்கு வந்து அழுதேவிட்டேன்.

ஆறு வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு முதலாளி தேவாலயத்துக்கே வந்திருந்தார். பூசை முடிந்து, பங்குச் சாமியாரை அவருக்கு அறிமுகப்படுத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"நீங்களாச்சும் முழுசாப் படிச்சு முடிச்சீங்களா சாமி?"

இன்றைக்கும் நான் பாதிப் பாத்திரம் கழுவிவிட்டு நழுவினால், என் மனைவி அதே மரியாதையோடு கேட்கிறாள்: "முழுசா முடிச்சீங்களா சாமி?"