பன்னிரண்டு மீட்டர்

முதல் குண்டு இரண்டே கால் மீட்டரில் விழுந்தது. அதுவும் பாய்ந்து போய் விழவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டவர் நாற்காலியைத் தேடிப் போவதுபோல, ஆடி அசைந்து போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டது.

அவர் டேப்பை நீட்டி அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் அளந்தார். டேப் மனசு மாறவில்லை.

பொம்மைத் துப்பாக்கி வந்த பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'பன்னிரண்டு மீட்டர் பாயும்!'

"என்ன சார், வழியில வேகத்தடை ஏதாவது இருக்கா?" என்றாள் குண்டு பொறுக்கும் அக்கா. அதுதான் அவள் வேலை. அவர் சுடுவார், அவள் பொறுக்கி வந்து கொடுப்பாள்.

பொம்மைகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற இடம் அது. அங்கே அவருக்கு இருபத்தாறு வருஷம். இடுப்பில் எப்போதும் டேப் தொங்குவதால் ஆபீஸே அவரை 'டேப் சார்' என்றுதான் கூப்பிடும். அவர் ஃபெயில் போட்டால் போட்டதுதான். அழுதாலும் சரி, ஆள் பிடித்தாலும் சரி, மாறாது. துப்பாக்கியைச் சோதிக்கிற முறையை எழுதினதே அவர்தான். ஒரு மீட்டர் உயரத்தில் தாங்கியில் பூட்டணும், ஜன்னலைச் சாத்தணும், ஃபேனை நிறுத்தணும், பத்துக் குண்டு சுட்டுச் சராசரி எடுக்கணும். சொந்தக்காரர் சரக்கு வந்தால் தொடாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடணும் என்கிற கடைசி வரியையும் அவரேதான் எழுதினார்.

அந்தக் கடைசி வரிதான் காலையிலிருந்து அவரைக் குத்திக்கொண்டிருந்தது. ஏனென்றால் இது அவர் மச்சானுடைய சரக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மச்சான் பொம்மைக் கடை திறந்தான். திறப்பு விழாவுக்குப் போனவர் பேசாமல் டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். பழக்கதோஷம், ஒரு மூணு சக்கர சைக்கிளை அளந்து பார்த்து, "இந்தச் சக்கரம் நாலு மில்லிமீட்டர் சின்னதா இருக்கேப்பா" என்று வந்தவர்கள் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டார். கையில் சைக்கிளோடு நின்ற மூன்று பேர் அதைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அறுந்தது பேச்சு. மச்சான் அவரோடு மட்டுமா பேசவில்லை? கூடப் பிறந்த அக்காவான அவர் மனைவியோடும் பேசவில்லை.

நேற்றுத்தான் போன் வந்தது. காலையில் அவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, தம்பி போன் பண்ணினான். அவன் சரக்கு இன்னிக்கு உங்க மேஜைக்குத்தான் வருதாம். சாயந்தரம் வீட்டுக்கு வரானாம்."

"சரி."

"என்ன சரி? ரெண்டு வருஷம் கழிச்சு என் தம்பி வாசப்படி ஏறப்போறான். உங்க டேப்புக்கு இன்னிக்கு ஒருநாள் லீவு கொடுங்களேன்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டே பழக்கமில்லை. அதனால்தான் அவரால் தட்ட முடியவில்லை.

இரண்டாவது குண்டு இரண்டு மீட்டர். மூன்றாவது ஒன்றே முக்கால்.

"போகப் போகத் தேறும்னு பார்த்தா தேயுதே சார்" என்றாள் அக்கா.

"ஸ்பிரிங் புதுசு. கொஞ்சம் இழுத்து விட்டா இளகும்" என்று, யாரும் கேட்காத விளக்கத்தைச் சொன்னார். இருபது தடவை இழுத்து விட்டார். ஸ்பிரிங் நன்றாகவே இளகியது. நாலாவது குண்டு குழாயை விட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவர் ஷூ மேலேயே விழுந்தது.

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு, யாரோ ஒரு மூன்றாம் மனிதர் செய்கிற மாதிரி மெல்ல எழுந்து போய், மூலையில் இருந்த நிற்கும் ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்து துப்பாக்கிக்குப் பின்னால் வைத்தார்.

"புழுக்கமா இருக்கு."

"ஆமா சார்" என்றாள் போர்வை மாதிரி ஸ்வெட்டர் போட்டிருந்த அக்கா.

ஐந்தாவது குண்டு நாலு மீட்டர் போய், காற்றில் பக்கவாட்டில் திரும்பி, அக்காவின் கொண்டையில் சிக்கிக்கொண்டது. அவள் அதைப் பிடுங்கிப் பார்த்தாள். "இதையும் அளக்கணுமா? நான் அசையாம நிக்கிறேன்."

நியாயமாக அங்கேயே நிறுத்தியிருக்கணும். ஆனால் வெட்கம் இருக்கிறதே, அது ஒரு படி இறங்கினவனைத் திரும்பி ஏற விடாது. இன்னொரு படி இறங்கச் சொல்லும். துப்பாக்கியைத் தாங்கியிலிருந்து கழற்றினார். மேஜை மேல் ஸ்டூலைப் போட்டார். ஐம்பத்துநாலு வயசில் அதன் மேல் ஏறி நின்றார். ஃபேனை அஞ்சாம் நம்பரில் வைக்கச் சொன்னார். கதவை விரியத் திறக்கச் சொன்னார். வெளியே நீளமான நடைபாதை.

"சார், விழுந்துடாதீங்க. உங்களை எத்தனை மீட்டர்னு எழுதுறது?"

சுட்டார்.

இந்தத் தடவை குண்டு பறந்தது! காற்றில் ஏறி, கதவைத் தாண்டி, நடைபாதை முழுக்க நீந்தி, எதிர்க்கோடியில் திறந்திருந்த டைரக்டர் அம்மாவின் அறைக்குள் நுழைந்தது. 'சப்' என்று ஒரு சத்தம்.

நல்ல வேளை, டைரக்டர் அம்மா அறையில் இல்லை. கெட்ட வேளை, அவருடைய அப்பா இருந்தார். இந்த இடத்தை ஆரம்பித்த பெரியவர், சுவரில், கண்ணாடி போட்ட படமாக. ரப்பர் முனைக் குண்டு சரியாக அவர் மூக்கு நுனியில் ஒட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நிலையிலும் டேப் சார் டேப்பை விரித்தார் பாருங்கள்! ஸ்டூலிலிருந்து மூக்கு வரைக்கும் பன்னிரண்டு மீட்டர், இரண்டு சென்டிமீட்டர்.

குண்டை எடுக்கக் கை எட்டவில்லை. டைரக்டர் அம்மாவின் நாற்காலி மேல் ஏறினார். அது காலில் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் படத்தின் சட்டம். நாற்காலி இடது பக்கம் நகர்ந்தது, படமும் அவரோடு சாய்ந்தது. பெரியவர், மூக்கில் குண்டோடு, தலையைச் சாய்த்து அவரையே பார்த்தார்.

"நான் கையைத் தூக்கணுமா?" என்று வாசலில் ஒரு குரல்.

டைரக்டர் அம்மா.

அவர் இறங்கினார். "மேடம்... அது வந்து... தூரம் பார்த்தேன்."

"அப்பா மூக்கு வரைக்குமா?"

"பன்னிரண்டு மீட்டர் மேடம்."

சொன்னது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காது மட்டும் நம்பாமல் சிவந்துபோனது.

டைரக்டர் அம்மா துப்பாக்கியில் தொங்கிய விலைச்சீட்டைப் பார்த்தார். "இந்த விலைக்குப் பன்னிரண்டு மீட்டரா! நீங்க ஒரு பொம்மையைப் பாஸ்னு சொல்லி நான் கேட்டு எத்தனை நாளாச்சு! அறிக்கையைக் கொண்டு வாங்க."

அறிக்கையில் பத்துக் கட்டம் இருந்தது. தன் மேஜைக்குப் போய்க் கட்டங்களை நிரப்பினார். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று, பதினொன்றரை, பன்னிரண்டே கால் என்று கூட்டிக் குறைத்துப் போட்டார். போட்டுவிட்டு, பழக்கதோஷம், சராசரியும் எடுத்தார். பொய்க்குச் சராசரி எடுத்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கணும்.

அக்கா குண்டுகளை எண்ணிப் பெட்டியில் வைத்தாள். கடைசியில்தான் கேட்டாள். "சார், ஃபேன் அஞ்சாம் நம்பர்ல ஓடினதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

அவர் அறிக்கையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

டைரக்டர் அம்மா அறிக்கையை வாங்கி, கண்ணை அதில் ஓட்டக்கூட இல்லாமல் கையெழுத்துப் போட்டார். "உங்க எழுத்து இருந்தா படிக்க வேண்டாம்னு அப்பா சொல்வார். வருஷா வருஷம் குறைந்த விலையில் நல்ல பொம்மைன்னு ஒரு பட்டியல் போடுறோமே, இதை முதல்ல போட்டுடறேன். கீழே உங்க பேரையும் போடச் சொல்றேன்."

"பேரெல்லாம் வேண்டாம் மேடம்!"

"இந்த அடக்கம்தான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது."

அன்று சாயந்தரத்துக்குள் இரண்டு தடவை உண்மையைச் சொல்லிவிடப் போனார். முதல் தடவை டைரக்டர் அம்மா போனில் யாரிடமோ, "நம்ம டேப் சாரே சொல்லிட்டார்" என்று சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை உள்ளே யாருமில்லை, படம் மட்டும். பெரியவர் மூக்கில் வட்டமாக ரப்பர் தடம். கைக்குட்டையால் துடைத்தார். தடம் அகலமானதுதான் மிச்சம்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார். உட்காருகிற யோக்கியதை இல்லை என்று தோன்றியது. ஆனாலும் மனசின் ஒரு மூலையில், சின்னதாக ஒரு ஆறுதல். இருபத்தாறு வருஷ மானத்தைக் கொடுத்து ஒரு அக்காவையும் தம்பியையும் சேர்த்து வைத்தாகிவிட்டது. அவ்வளவு மோசமான பேரம் இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் சிரிப்புச் சத்தம் கேட்டது. மச்சான் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மனைவி, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ, முகம் கொள்ளாத சிரிப்போடு.

"வாங்க மாமா!" என்று மச்சான் எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "போட்டாச்சா?"

அவர் அறிக்கையின் நகல் இருந்த உறையை நீட்டினார். மச்சான் ஆவலாகப் பிரித்தான். படித்தான். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். சிரிப்பு மெதுவாக வடிந்தது.

"என்னடா, சந்தோஷத்துல பேச்சு வரலையா?" என்றாள் அக்காக்காரி.

மச்சான் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"இந்தக் கண்றாவி ரெண்டு மீட்டர்கூடப் போகலை, ஃபெயில்னு ஒரு சீட்டு காட்டினா நாலாயிரம் துப்பாக்கியையும் திருப்பி எடுத்துக்கறேன்னு கம்பெனிக்காரன் சொன்னான் மாமா, உலகமே தலைகீழா நின்னாலும் நீங்க ஒருத்தர் பாஸ் போடமாட்டீங்கன்னு நம்பித்தானே உங்ககிட்ட அனுப்பினேன்!"