பதினேழாம் எண் பாட்டில்

வீட்டின் பின்புறம் ஓடைக்கரை வரை சிமென்ட் போட்டு, அதன்மேல் காருக்கு ஒரு கொட்டகை எழுப்பியே தீருவதென்று என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரகடனம் செய்தார். பிரகடனம் என்பது மிகையன்று. எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, எனக்கும் பூனைக்கும் அறிவித்தார். பூனை எழுந்து போய்விட்டது. எனக்கு அந்த வசதி இல்லை.

அவர் முப்பத்தாறு ஆண்டுகள் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு 'அங்குலம்' என்று பெயர். ஊரே ஓர் அடியை விட்டுக்கொடுத்துச் சமாதானமாகும் இடத்தில், அரை அங்குலத்துக்காகப் பகல் முழுவதும் வெயிலில் நிற்பார். எழுதிய அளவை ஒருபோதும் மாற்றியதில்லை. மிரட்டியவர்களும் உண்டு, கெஞ்சியவர்களும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றுவரை வாய்ப்புக் கிடைக்கவில்லை. மற்ற விஷயங்களில் வாய்ப்புக்குப் பஞ்சமில்லை.

அதே மாதம், ஓடையைக் காப்பதற்கென்று எங்கள் பகுதியினர் ஒரு குழு அமைத்தார்கள். மருந்துக்கடை நடத்தும் பெண்மணி அதன் செயலாளர். மழைநீர் ஓடைக்கு வந்து சேரும் பரப்பு முழுவதற்கும் ஒரு திட்டம்; கரையிலிருந்து முப்பது அடிக்குள் கட்டடம் கூடாது, மண் கரைந்து போகாமல் பிடித்து நிறுத்தப் புல்லும் மரமும்தான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. ஒரே ஒரு வீட்டார் ஆட்சேபித்தாலும் விதி செல்லாது. விதிக்குக் காரணம் வலுவானது. மழை வந்தால், கீழே வளைவிலிருக்கும் தையல்காரரின் கடைக்குள் சேறு புகுந்துவிடும். ஊரார் கொடுத்த துணியெல்லாம் பாழாகி, இந்தப் பருவத்தோடு கடையை மூடப்போவதாக அவர் சொல்லியிருந்தார்.

என் கணவரோ அதற்குள் கரையோரப் புல்லைச் செதுக்கி, அஸ்திவாரமும் தோண்டிவிட்டார். நான்கு பக்க ஆட்சேபக் கடிதமும் தயார். அவரை வாதாடி வென்றவர் இல்லை. ஆகவே நான் வாதாடவில்லை. செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டு, தேநீர் கொடுக்கும்போது பேச்சை எடுத்தேன்.

"ஓடையை அளக்கப் போறாங்களாம்."

"யாரு அளக்கறது?"

"ஆள் இல்லையாம். காலடியால எண்ணிக்கப் போறாங்களாம்."

கோப்பையைக் கீழே வைத்தார். "காலடியாலயா? யாரோட காலு?"

"யார் காலு சும்மா இருக்கோ, அது."

மறுநாளே குழுவில் சேர்ந்துவிட்டார். உள்ளே புகுந்து திட்டத்தைக் கவிழ்க்கப்போகிறாராம். எனக்கு இப்படி ஒரு விளக்கம் வேறு கொடுத்தார்.

அவருக்குக் கிடைத்த வேலை இது: ஒவ்வொரு வீட்டு நீரும் ஓடையில் இறங்கும் இடத்தில், மழை பெய்யும்போதே ஒரு பாட்டிலில் பிடிக்க வேண்டும். ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் படியும் மண்ணை அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். முப்பத்தொரு வீடு, முப்பத்தொரு பாட்டில். அத்தனையும் எங்கள் சாப்பாட்டு மேசையில். இரண்டு வாரம் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். எழுபது வயதில் அந்த மனிதர் கொட்டும் மழையில் முழங்கால் நீரில் நின்று பாட்டிலை நிரப்பியதைப் பார்த்தபோது, என் சூழ்ச்சியையும் மீறி மரியாதை வந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுப்போவார்.

மற்ற பாட்டில்களில் கால் அங்குல மண். பதினேழாம் எண்ணில் ஒன்றரை அங்குலம். பதினேழு எங்கள் வீடு.

முதல் மழையில் பாட்டிலைச் சந்தேகித்து மாற்றினார். அடுத்த மழையில் அளவுகோலைச் சந்தேகித்தார். மூன்றாவது மழையில் மழையையே சந்தேகித்தார். அப்போதும் ஒன்றரை அங்குலம்தான். பேனாவைத் திறந்து, வரைபடத்தை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அரை அங்குலம்னு போட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"எனக்குத் தெரியும்," என்றார். ஒன்றரை என்று எழுதினார்.

பொதுக்கூட்டத்தில் வரைபடத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று செயலாளர் கேட்டார். என் கணவர் எழுந்தார். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆட்சேபம் இருக்கு. முப்பது அடிங்கிறது தப்பு," என்றார் என் கணவர். பிறகு தையல்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, இப்ப உங்க கடைக்குள்ள வர்ற மண்ணுல ஆறுல ஒரு பங்கு நான் தோண்டிப் போட்டது. எங்க வீட்டுச் சரிவுக்கு முப்பது போதாது. நாற்பத்திரண்டு அடி விடணும். கொட்டகை கிடையாது."

தையல்காரர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விதி ஒருமனதாக நிறைவேறியது. செயலாளர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார். ஒரு மலையை ஊதியே நகர்த்திவிட்ட பெருமிதத்தோடு நான் வீடு திரும்பினேன்.

மறுநாள் காலையில் பின்புறம் இடிக்கும் சத்தம் கேட்டு ஓடினேன். துணி உலர்த்துவதற்காக ஆறு ஆண்டுகள் நச்சரித்து நான் போடவைத்த சிமென்ட் தளத்தின் நடுவே, கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, இது என் தளம்."

"முப்பத்தெட்டாவது அடி," என்றார், ஓங்கிய கையை நிறுத்தாமல்.