மஞ்சள் கோடு நகர்ந்த கதை

நான் மற்றவர்களின் தவறுகளைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். ஒரகடத்தில் கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பிரிவில் வேலை. முடுக்கிய போல்ட்டின் மேல் போட்ட மஞ்சள் கோடு நேராக இருக்கிறதா, வர்ணம் பூசிய பாகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன். நகக்கண் அளவு கீறல் இருந்தாலும் தூக்கிச் சிவப்புக் கூடையில் போட்டுவிட்டு, அதைச் செய்தவரைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன். (அந்தப் பார்வைக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. இலவச சேவை.) அப்பேர்ப்பட்டவன் சொந்தக் காரில் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். தாராளமாகச் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். அதிலிருந்த ரேடியோ, தொண்டை கட்டியவர் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலப் பேசியது. நல்ல மியூசிக் செட் போட்டே தீருவது என்று முடிவு செய்தேன். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரும் சாலையில் கலா என்பவர் கார் ஆடியோ கடை வைத்திருந்தார். முன்பு வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்யும் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்தவர். கான்ட்ராக்ட் வேலை போனபின் கடை திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கதவுகளில் பெரிய ஸ்பீக்கர், கண்ணாடி ஓரத்தில் சலங்கை, தாளம் போன்ற மெல்லிய சத்தங்களுக்கு ட்வீட்டர் எனப்படும் குட்டி ஸ்பீக்கர், டிரைவர் சீட்டுக்கு அடியில் எல்லாவற்றுக்கும் சக்தி கொடுக்கும் ஆம்ப் என்று அரை நாளில் அழகாக மாட்டிக் கொடுத்தார்.

வண்டியை எடுக்கும்போது ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"சார், ஆம்ப் சூடாவும். காத்து போவணும். மேல எதையும் போட்டு மூடிடாதீங்க."

நான் தலையாட்டினேன். காதில் வாங்காமல் இருக்க முடிவு செய்துவிட்ட பிறகு ஆட்டுகிற ஆட்டல் அது.

ஏனென்றால் அந்த ஆம்ப் கறுப்பு நிறத்தில் அப்படிப் பளபளத்தது. கால் பட்டால் கீறல் விழும். கீறல் என்றால் எனக்குத் தூக்கம் வராது. வீட்டுக்கு வந்ததும் புது டிவி பெட்டியில் வந்த ஸ்பாஞ்சை அளவெடுத்து வெட்டி, ஆம்பைக் கைக்குழந்தையைப் போலச் சுற்றி, டேப் ஒட்டினேன். எங்கள் தொழிற்சாலையில் பாகங்களை இப்படித்தான் பேக் செய்வோம். சீட்டுக்கு அடியில் அது ஏற்றுமதிக்குத் தயாரான சரக்கு மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் மிகவும் திருப்தியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. தொழிற்சாலை வாசலில் எல்லோருடைய வண்டியும் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக நின்றது. நான் பாட்டைப் போட்டேன். அசெம்பிளி லைன்காரர் ஒருவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இன்னா சார், எங்க வூட்டு மிக்ஸி இதவிட சவுண்டா கீது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் லைன் ஆட்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்த மாதிரி எனக்குப் பட்டது.

ரோஷம் வந்துவிட்டது. ஆம்பில் 'கெயின்' என்று ஒரு சின்னத் திருகு உண்டு என்று செல்போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். (பாதிதான் பார்த்தேன். மீதிப் பாதியில்தான் விஷயம் இருந்திருக்கிறது.) கெயின் என்றால் கிடைப்பது, கிடைப்பதை ஏன் குறைவாக வைக்க வேண்டும்? தரையில் மண்டியிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, ஸ்பாஞ்சில் ஓட்டை போட்டு, கண்ணால் பார்க்காமலே ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, திருகு நிற்கும்வரை திருகினேன்.

சத்தம் காதைப் பிளந்தது. காவலாளி வாசலிலிருந்து ஓடி வந்தார். பத்து நிமிடம் நான்தான் ராஜா. பிறகு "கிர்ர்" என்று ஒரு சத்தம், அதன்பின் தாளம், சலங்கை எல்லாம் காணாமல் போய், பாட்டு பக்கத்துத் தெருவில் ஓடுவது போலக் கேட்டது. ட்வீட்டர் இரண்டும் போய்விட்டன.

கலா ஒரு வார்த்தை கேட்காமல் இலவசமாகப் புது ஜோடி மாட்டினார். "சார், சீட்ட எடுத்து ஆம்பயும் ஒரு தடவ பாத்துடட்டா?" என்று மட்டும் கேட்டார். "ஷிஃப்டுக்கு டைம் ஆச்சும்மா" என்று கிளம்பிவிட்டேன். கெயினைத் திருகியதை நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்தேனா என்றால், இல்லை. நான் செய்வது தவறாக இருக்கலாம் என்ற எண்ணமே அப்போதெல்லாம் எனக்கு வந்ததில்லை.

அடுத்த ஒன்பதாம் நாள் அந்த ஜோடியும் போயிற்று. அதோடு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டே நின்றுபோகும். என் மனைவி தேவி மூக்கைச் சுருக்கி, "ஏங்க, ரப்பர் செருப்பு தீயற வாசன வருதுங்க" என்றாள். "புது சாமான்னா அப்படித்தான் வரும்" என்றேன்.

இந்த இடத்தில் 'ஏன்-ஏன் தாள்' பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு பாகம் பழுதானால் ஏன் என்று கேட்டு ஒரு பதில் எழுதுவோம். அந்தப் பதிலுக்கு ஒரு ஏன். இப்படி ஐந்து ஏன் கேட்டால் மூல காரணம் வந்துவிடும். இதில் முக்கியமான விதி, கடைசிப் பதிலில் ஓர் ஆளைக் குற்றவாளியாக்கி முடிக்கக் கூடாது என்பது. 'ஆப்பரேட்டர் மிஸ்டேக்' என்று எழுதினால் ஆடிட்டில் தாளைத் திருப்பிவிடுவார்கள். அந்த ஆள் தவறு செய்யும்படி எது இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த விதியை வகுப்பெடுத்துச் சொல்வது யார் என்றால், அடியேன்.

நான் சனிக்கிழமை உட்கார்ந்து கலாவின் கடைமீது ஓர் ஏன்-ஏன் தாள் தயாரித்தேன். கட்டம் போட்டு, பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் ஃபைலில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை தேவியையும் கூட்டிக்கொண்டு போனேன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. (ஞாயிற்றுக்கிழமை! தேவி இன்றைக்கும் கதையை இந்த இடத்தில் நிறுத்தி, கேட்பவர்கள் சிரிக்க நேரம் கொடுப்பாள்.)

கடையில் பாஸ்கர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஷிஃப்ட் வேன்கள் விடுகிறவர். அவருடைய எட்டு வேன்களுக்கும் மியூசிக் செட் போடுவது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கடை திறந்தபின் கலாவுக்கு வந்த முதல் பெரிய வேலை அதுதான் என்பது, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. தெரிந்துதான் குரலை உயர்த்தினேன், கேட்க ஓர் ஆள் கூடுதலாகக் கிடைத்தாரே என்று.

"ட்வீட்டர் ரெண்டு தடவ ஏன் போச்சு? உள்ள சுத்தியிருக்கற காயில் கம்பி எரிஞ்சுடுச்சு. ஏன் எரிஞ்சுது? சூடு. சூடு ஏன்? ஆம்ப் சரியில்ல. ஆம்ப் ஏன் சரியில்ல? ஃபிட்டிங் சரியில்ல. ஃபிட்டிங் ஏன் சரியில்ல? ஆப்பரேட்டர் மிஸ்டேக்!" என்று வாசித்து முடித்தேன்.

பாஸ்கர் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இன்னாம்மா, குவாலிட்டில கீற சாரே இப்படி சொல்றாரு? ரெண்டு தபா புட்டுக்கிச்சாமே. நான் மறைமலை நகர்லயே பாத்துக்கறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

கலா, ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் மல்டிமீட்டரை எடுத்து வந்து ட்வீட்டர் ஒயரில் வைத்தார். 'பீப்' வரவில்லை. "போய்தான் இருக்கு" என்றார். என்னைக் கேட்காமல் சீட்டைக் கழற்றினார்.

சீட்டை நகர்த்தியதும் வந்த வாசனையில் நான்கூடப் பின்வாங்கினேன். ஸ்பாஞ்ச் உருகி, அப்பளம் போலச் சுருங்கி, ஆம்போடு ஒட்டியிருந்தது.

"இது நம்ம டிவி கூட வந்த ஸ்பாஞ்சு இல்லங்க?" என்றாள் தேவி, எல்லோருக்கும் கேட்கும்படி.

கலா கத்தியால் ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்தார். ஆம்பின் பக்கவாட்டில் கெயின் திருகு தெரிந்தது. திருகின் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு சின்னக் கோடு. ஆம்பின் உடம்பில் அதே மஞ்சளில் ஒரு கோடு. மாட்டிய அன்று இரண்டும் ஒரே கோடாக இருந்திருக்கும். இப்போது ஒன்று கிழக்கே பார்த்தது, மற்றொன்று மேற்கே பார்த்தது.

எனக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தினமும் அந்தக் கோட்டைப் பார்ப்பதுதானே என் வேலை. கோடு நகர்ந்திருந்தால், முடுக்கியவர் போனபிறகு வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோவின் கையில் பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது.

"லைன்ல கத்துக்கினது சார். எத செட் பண்ணாலும் மார்க் போட்டுடுவேன்" என்றார் கலா. "கெயின்னா சவுண்டு இல்ல. செட்லேர்ந்து வர்றத ஆம்ப் எவ்ளோ வாங்கணும்னு வெக்கற அளவு. ஃபுல்லா திருப்பிட்டா சவுண்டு ஒடஞ்சி வரும். அது மொத்தமும் அந்தச் சின்ன ஸ்பீக்கர் தலைலதான் வுழும். மேல இதையும் சுத்திட்டீங்க. அது எங்க சார் மூச்சு விடும்?"

"சாரிம்மா" என்றேன். ஸ்பீக்கர் போன பாட்டு மாதிரிதான் வந்தது குரல்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் கையிலிருந்த தாளை வாங்கிக் கடைசி வரியைப் படித்தார். "ஆப்பரேட்டர் மிஸ்டேக்னு எழுதுனா ஆடிட்ல ரிஜெக்ட் பண்ணுவாங்களே சார்" என்றார். பிறகு, "நான் லைன்ல இருந்தப்ப ஒரு கனெக்டர் சரியா லாக் ஆவலன்னு இப்படித்தான் ஒரு பேப்பர் போட்டாங்க. கடேசி வரில என் பேரு. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சுன்னுட்டாங்க. இப்ப சொந்தக் கட. இங்கயும் பேப்பர் வந்துடுச்சு" என்றார்.

அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. தேவி என் பக்கம் திரும்பவே இல்லை.

"பாஸ்கர் அண்ணன்கிட்ட போய் சொல்லிடுங்க" என்று வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள். சொல்கிறேன் என்றேன். திங்கட்கிழமை தலைவலி. செவ்வாய்க்கிழமை வேலை அதிகம். புதன்கிழமை மதியம் வேறு சாக்கு கிடைக்காமல் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். வேன் நிறைய ஆட்கள். பாதிப் பேர் என் லைன், நான் தினமும் அந்தப் பார்வை பார்க்கிறவர்கள்.

"அண்ணே, அன்னைக்கு அந்தக் கடையில நான் சொன்னது தப்பு. ஆம்பைக் கெடுத்தது நான்தான்" என்றேன்.

"இன்னா சார்? இன்ஜின் சவுண்டுல காதுல வுழல. ஜோரா சொல்லுங்க."

ஜோராகச் சொன்னேன். ஸ்பாஞ்ச், கெயின், மஞ்சள் கோடு, ஆப்பரேட்டர் மிஸ்டேக் வரைக்கும். வேனுக்குள் பின்சீட்டில் ஒருவர், "சார், கொஞ்சம் கெயின் ஏத்துங்க, இங்க கேக்கல!" என்றார். வேன் குலுங்கியது. அந்தச் சிரிப்புக்கு நான் முழுத் தகுதி உள்ளவன் என்பதால் நின்று கேட்டுக்கொண்டேன்.

பாஸ்கர் அண்ணன் சிரிக்கவில்லை. "திங்கக்கெழமையே சொல்லியிருக்கலாமே சார். நாலு வண்டிய மறைமலை நகர்ல குடுத்துட்டேன். மீதி நாலு அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடறேன்" என்றார்.

நான் வெட்கப்பட்டுக்கொண்டு சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்ட மூன்று நாளில் கலாவுக்கு நாலு வேன் போயிற்று. அந்த நாலு வேன்களையும் எனக்கு அடையாளம் தெரியும். ஒரகடம் சாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு எதிரில் வரும்போதெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிடுவேன்.

என் தாள் இப்போது கலாவின் கடைச் சுவரில் லேமினேட் செய்யப்பட்டுத் தொங்குகிறது. கீழே மஞ்சள் பெயிண்டில், 'ஆம்பை மூடாதீர்கள்' என்று எழுதியிருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு, "ஒரு சார் இப்படித்தான் மூடினாரு" என்று கதை சொல்வார். போன மாதம் ஹாரன் சரிபார்க்கப் போனபோது என்னை வைத்துக்கொண்டே ஒருவருக்குச் சொன்னார். அந்த ஆள், "அப்படியும் ஒரு ஆளா?" என்று என்னிடம் கேட்டார். "இருப்பாங்க சார்" என்றேன்.

வீட்டில் நான் யார்மீதாவது குற்றம் கண்டுபிடித்துக் குரலை உயர்த்தினால் தேவி, "கோடு நவுந்துடுச்சு" என்பாள். இப்போது மகளும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

சமீபத்தில் லைனில் ஒரு பெண் தொடர்ந்து கீறல் உள்ள பாகங்களைக் கண்டுபிடிக்காமல் விட்டாள். தாள் எழுத உட்கார்ந்தவன், ஐந்தாவது வரியில் பேனாவை வைத்துவிட்டு அவளிடமே போய், "ஏம்மா, உனக்கு இங்க வெளிச்சம் போதுதா?" என்று கேட்டேன். மேலே டியூப்லைட் எரியவில்லை. அன்றே மாற்ற ஏற்பாடு செய்துவிட்டு, வீட்டில் சாப்பிடும்போது இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நான் திருந்திவிட்டேன் என்று இவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

"எத்தன நாளா எரியல?" என்று கேட்டாள் தேவி.

"ரெண்டு மூணு மாசம் இருக்கும்."

"அந்தப் பக்கமா தெனம் நீங்கதான போறீங்க?"

நான் சோற்றைப் பிசைந்தேன். மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அப்பா, கோடு நவுந்துடுச்சு."