ஒத்தக்கை நானாவும் பெட்டிக்குள் பெய்த மழையும்

மாத்தளையில் மின்சாரத்துக்கு ஒத்தக்கை நானாவைப் போலப் பயந்தவர் எவருமில்லை. அவருடைய தொழில் ரேடியோ திருத்துவது.

அவருக்குக் கைகள் இரண்டும் நன்றாகவே இருந்தன. இரண்டு கையாலும் தொட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்று இடது கையை எப்போதும் சட்டைப்பைக்குள் வைத்திருப்பார். வேலையில் அது நல்ல பழக்கம். அவரோ சைக்கிளும் அப்படித்தான் ஓட்டினார். ஒருநாள் கடைவீதிச் சாக்கடைக் கானுக்குள் விழுந்து கிடந்தார்.

"மத்தக் கையால பிடிச்சிருக்கலாமே நானா?" என்றார்கள் தூக்கிவிட்டவர்கள்.

"ஹேண்டில்ல கரண்ட் இருந்தா?"

பயிற்சி முடித்து அவர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மூலையில் ஒரு பழைய டெலிவிஷன் இருந்தது. ஊரைவிட்டுப் போன தோட்டத்துத் துரை கொடுத்தது. நாட்டில் அப்போது டெலிவிஷன் ஒளிபரப்பே கிடையாது. ஆனால் கடையின் பின்னறையில் நோயோடு படுத்திருந்த அவர் மனைவி, பல்லேகமக் கிராமத்துக்காரியான ராத்தா, "அந்தப் பெட்டில என்னதான் தெரியும்?" என்று கேட்டிருந்தார். காட்டுவதாக நானா வாக்குக் கொடுத்துவிட்டார். டாக்டர் கொடுத்த கெடு இரண்டு வாரம்.

நான் பட்டியல் போட்டேன். பியூஸ், சரி. வால்வுகள், எரிகின்றன. திரை, இருட்டு.

"விசில் கேக்குதா தங்கச்சி? எனக்கு வயசு போச்சு, அந்தச் சத்தம் கேக்குறதில்ல."

கொசு பாடுவது போல மெல்லக் கேட்டது. விசில் வந்தால் அதுவரை உள்ள பகுதி ஓடுகிறது; அப்படியென்றால் கோளாறு அதற்கு அடுத்த உயர் அழுத்தச் சுருளில். கடைக்கதவைச் சாத்திப் பார்த்தோம். ஈரம் குடித்த சுருளிலிருந்து நீலப் பொறி வெளியே தாவிக்கொண்டிருந்தது.

சுருளைக் கழற்றி, பல்ப் வெளிச்சத்தில் நாலு நாள் காயவைத்தோம்.

"நானா, குஞ்சு பொரிச்சிட்டா?" என்றார்கள் வந்தவர்கள்.

மெழுகு உருக்கிப் பூசி, திரும்பப் பொருத்தினேன். நானா இரண்டு கைகளாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ராத்தாவின் கட்டிலருகே வைத்தார். சுவிட்சைப் போட்டதும் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் இரைச்சலோடு கொட்டின. எனக்கு வெட்கமாக இருந்தது.

ராத்தா வெகுநேரம் பார்த்தார்.

"மழை," என்றார். "எங்கட வயல்ல இப்படித்தான் பெய்யும்."

நானாவின் வலது கை பெட்டியின் குமிழில். இடது கை ராத்தாவின் கைக்குள்.

"நானா, கை!" என்றேன்.

"வுடு தங்கச்சி."

மூன்றாம் நாள் ராத்தா மௌத்தானார். அடக்கம் முடிந்த பிறகு, பெட்டியை மூலைக்குக் கொண்டுபோகலாம் என்று போனேன். அணைத்த பிறகும் படக்குழாய்க்குள் மின்சாரம் தங்கியிருக்கும், அதை இறக்கிவிட வேண்டும். என் பட்டியலின் கடைசி வரி அது. ஸ்க்ரூட்ரைவரை எடுத்ததும் நானா தடுத்தார்.

"வேணாம் தங்கச்சி. அவ பாத்த வெளிச்சம் உள்ளுக்குக் கொஞ்சம் இரிக்கும்."

இதற்குள் அது தானாகவே வடிந்திருக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கடைசி வரிக்கு நேரே நான் இன்னும் சரி போடவில்லை.