தேறாத தபால் நிலையம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணியும் உன் இரண்டு செல்வங்களும் இங்கே சுகம். சுகம் என்ற சொல்லை இந்த வீட்டுக்கு எந்த அளவில் பொருத்தலாம் என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய். பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார். வேளைக்குச் சாப்பிடு. சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் தோழி வீட்டில் நாலு நாள் இளைப்பாறிவிட்டுப் புதன்கிழமை வருவதாகச் சொன்னாயே, அதெல்லாம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போ. இனிமேல் இந்த வீட்டு வாசற்படியை ஓர் அட்டைப்பெட்டியும் தாண்டாது. இது என் முடிவு.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் நீதான். கிளம்புகிற அன்று, "அண்ணா, டிவியைப் போட்டு உக்கார வெச்சிடாதீங்க, ஏதாவது செய்ய வைங்க. நீங்க பெட்டிக் கம்பெனியில இருந்தவர்தானே, உங்களுக்கு இதெல்லாம் சும்மா" என்று சொல்லி, குழந்தைகளோடு அட்டைப்பெட்டியில் செய்யக்கூடிய பத்துப் பொருட்கள் என்று ஒரு பட்டியலைப் போனில் அனுப்பிவிட்டு வண்டி ஏறிவிட்டாய். முப்பத்தோரு வருடம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரம் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று நாலு மாதமாகச் சுவரை வெறித்துக்கொண்டிருக்கிற மனிதனிடம் சொல்கிற பேச்சா இது? அன்றைக்கே பழைய கம்பெனிக்கு ஓடினேன். கிடங்குக்காரரிடம் பல்லைக் காட்டிப் பன்னிரண்டு பெட்டி வாங்கி வந்தேன். எல்லாம் ஐந்தடுக்கு அட்டை, மோட்டார் பம்பு வைத்து அனுப்புகிற ரகம். உன் பட்டியலில் 'குழந்தைகளே எளிதாக வெட்டலாம்' என்று போட்டிருந்தது. இரண்டு கத்தரிக்கோல் கழன்றன, உன் அண்ணியின் காய்கறிக் கத்தி வளைந்தது, கடைசியில் நான் ரம்பம் எடுத்து அறுத்தேன்.

முதல் நாள் ராக்கெட். சின்னவன் உள்ளே ஏறி உட்கார்ந்து, "மூடுங்க மாமா, பறக்கணும்" என்றான். நாலு வயதுப் பிள்ளை ஆசையாகச் சொன்னால் மூடாமல் இருக்க முடியுமா? மூடு என்றால் நான் எப்படி மூடுவேன்? விதிப்படிதான். நடுவில் ஒரு டேப், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, அதன்மேல் இன்னொரு வரிசை. பத்திலிருந்து கீழே எண்ணி முடித்த பிறகுதான் உள்ளே இருப்பது பம்பு இல்லை, பிள்ளை என்பது உறைத்தது. கை பிடிக்கிற ஓட்டை இரண்டு பக்கமும் இருந்ததால் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் நான் போட்ட டேப்பை நானே பிரிக்க இருபது நிமிடம் ஆனது. அவன் துளியும் அலட்டிக்கொள்ளவில்லை. ஓட்டை வழியாகக் கையை நீட்டி, "நிலா வந்தாச்சு, பிஸ்கட் குடுங்க" என்றான். உன் அண்ணி அவனுக்குப் பிஸ்கட்டைக் கொடுத்தாள், எனக்குக் கொடுக்க வேண்டியதையும் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் கார். வீட்டிலுள்ள பாத்திர மூடியெல்லாம் சக்கரமாகப் போய்விட்டதால் இன்றுவரை திறந்த சமையல்தான். மூன்றாம் நாள் ரோபோ. ரோபோவுக்குள் போக வேண்டியது நான்தான் என்று மூன்று பேரும் கை தூக்கி முடிவு செய்தார்கள், அந்த மூன்றாவது கை உன் அண்ணியுடையது. பெட்டிக்குள் புகுந்து இரண்டு அடி நடந்ததும் வாசல் நிலையில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார், சிரிக்கவில்லை. "கையெழுத்துப் போடணுமே, கை எந்தப் பக்கம் சார்?" என்று மட்டும் கேட்டார். தங்கமான மனிதர்.

அவரைப் பார்த்ததில்தான் பெரியவளுக்கு யோசனை வந்தது. தபால் நிலையம் கட்டப் போகிறேன், யாரும் கிட்ட வரக்கூடாது என்றாள். எட்டு வயதுக்கு என்ன பிடிவாதம்! இரண்டு நாள் கூடத்து மூலையில் போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து வேலை செய்தாள். மூன்றாம் நாள் காலை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் போர்வையை விலக்கி, "மாமா, எப்படி இருக்கு?" என்றாள். ஜன்னல், கடிதம் போடும் வாய், அதற்கு மழை படாமல் ஒரு கூரை, முகவரி இல்லாத கடிதங்களுக்குத் தனி அறை. அருமையாகத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? என்னை அறியாமலே என் கை, கம்பெனிப் பழக்கத்தில் இன்னும் காதில் செருகியிருக்கிற சிவப்புப் பென்சிலை எடுத்தது. அட்டைக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடும், சுவராக நிறுத்தினால் அந்த அலை மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். அவள் படுக்கையாக வைத்திருந்தாள். நான் முன் சுவரிலேயே, "தேறவில்லை. அலை குறுக்கே உள்ளது. சுவர் மடங்கும்" என்று எழுதி, தேதி போட்டுச் சுருக்கொப்பமும் வைத்தேன். அதோடு விட்டேனா, மடங்கும் என்பதை நிரூபிக்கக் கூரையில் கையை வைத்து அழுத்தினேன். மடங்கியது.

அவள் அழவில்லை. "இதுல பம்பு அனுப்பப் போறோமா மாமா? இது போஸ்ட் ஆபீஸ்" என்றாள். அதுதான் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. இன்றோடு நாலு நாள். நீ போன் செய்தபோது, "மாமா நல்லா இருக்காங்கம்மா" என்று மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாளே, பக்கத்திலிருந்து நானும் கேட்டேன். இப்படி மூடி மறைத்துச் சிரிக்கிற வேறொரு பெண்ணை எனக்குத் தெரியும்.

பிராயச்சித்தமாக, எல்லோரும் கடைக்குப் போன நேரத்தில் நானே ஒரு தபால் நிலையம் கட்டினேன். அலை நேராக, மூலை செங்கோணமாக, மேலே ஏறி நின்றாலும் அசையாது. வந்து பார்த்தாள். சின்னவனைக் கூப்பிட்டு, "உன் ராக்கெட்டுக்கு ஷெட் வந்திருக்குடா" என்றாள். பிறகு தன் தபால் நிலையத்துக்குத் துடைப்பத்தை முட்டுக் கொடுத்து நிறுத்தி அலுவலைத் தொடங்கிவிட்டாள். நம் தபால்காரர் தினமும் அந்த ஜன்னலில்தான் எங்கள் வீட்டுக் கடிதங்களைக் கொடுக்கிறார். "மேடம், நாளைக்குப் போற தபால் இருக்குங்களா?" என்று குனிந்து கேட்கிறார். மனிதர் ஒரு சுவரையும் தட்டிப் பார்க்கவில்லை!

பேசமாட்டாள், ஆனால் தபால் வாங்குவாள் என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. 'வருந்துகிறேன்' என்று எழுதிப் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தது, காணாமல் போன என் சிவப்புப் பென்சில் எழுத்தில்: "தேறவில்லை. ரொம்பச் சின்னது." அலையைப் பற்றி விளக்கி இரண்டு பக்கம் எழுதினேன். "தேறவில்லை. இது பாடம்." மூன்றாவதாக, சாக்லேட் வாங்கித் தருகிறேன் என்று எழுதினேன். "தேறவில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். சாக்லேட்டைச் சின்னவன் தின்றான்.

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது உன் அண்ணிதான் சொன்னாள்: "அவளுக்கு எழுதினது போதும். உங்க தங்கச்சிக்கு எழுதுங்க. நெஜமா வெளியூர் போற தபால் எழுதினாத்தான் அவ மதிப்பா. உங்களுக்கும் அங்க சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு." இருக்கிறதுதான். அப்போது உனக்கும் இவளைப் போல எட்டு வயதுதான் இருக்கும். காலி தீப்பெட்டிகளைக் கோத்துப் பதினான்கு பெட்டி ரயில் செய்து, கொண்டுவந்து என் புத்தகத்தின் மேல் வைத்தாய். நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "மூணாவது பெட்டி கோணல்" என்றேன். நீ சிரித்துக்கொண்டே எடுத்துப் போனாய். அதற்குப் பிறகு நீ வரைந்ததை, தைத்ததை, வாங்கிய பரிசைக்கூட மற்றவர்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். நீ கூச்சக்காரி என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. ரயில் நன்றாக இருந்ததம்மா. கோணலாக இருந்தாலும் ஓடியது.

ஆனாலும் ஒன்று, அலை குறுக்கேதான் இருந்தது. அதில் மாற்றமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பயிற்சியில் முதலாவதாக வந்து, பதவி உயர்ந்து, நீ நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசிகள். இந்தக் கடிதத்தை மூலைத் தபால் நிலையத்தில் சேர்க்கப் போகிறேன். அங்கே தேறினால்தான் உன் கைக்கு வரும்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும்
உன் அண்ணன்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். புதன்கிழமையும் வர வேண்டாம், அடுத்த வாரம் மெதுவாக வா. இந்தக் கடிதம் அரை மணி நேரம் பரிசீலனையில் இருந்தது, இரண்டு முறை உள்ளே மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு ஜன்னல் திறந்து, "மாமா, ஆளு பத்தல. வேலைக்கு வர்றீங்களா?" என்று ஒரு குரல். இன்று முதல் எனக்கு அங்கே தபால்தலை ஒட்டுகிற வேலை. கூரையில் கை வைக்கக்கூடாது என்பது ஒரே நிபந்தனை. கிடங்குக்காரரிடம் இன்னும் இருபது பெட்டி கேட்டிருக்கிறேன், உன் அண்ணிக்குக் கப்பல் வேண்டுமாம். சுவரையும் இன்று பார்த்தேன். நாலு நாளாகத் துடைப்பத்தோடு நிற்கிறது. அலை குறுக்கே இருந்தாலும் நிற்கும் போலிருக்கிறது. கீழே சிவப்பில் இருப்பது மேலதிகாரியின் குறிப்பு, அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

*தேறியது. அம்மா, நீ அந்த ரயிலை மறுபடி செஞ்சு எடுத்துட்டு வா. மாமா பார்ப்பாங்க. பயப்படாதே, நான் பக்கத்துல நிக்கிறேன். பென்சில் என்கிட்டதான் இருக்கு.*